கைதட்டலால் சார்ஜ் ஏறாது

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டே இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ‘கிராமத்து இளைஞனின் கைவண்ணத்தில் விமானம்’ என்ற வகையில் வரும் செய்திகளில் சிலவற்றை நானே எழுதியிருக்கிறேன். பலவற்றுக்குத் தலைப்பும் இட்டிருக்கிறேன். பெரிய படம் ஒன்று, தாயாரின் ஆனந்தக் கண்ணீர், ‘அரசு உதவ முன்வர வேண்டும்’ என்ற கடைசி வரி. இவ்வளவும் இருந்தால் செய்தி முடிந்தது. அந்த விமானத்தில் என்ன பற்றரி இருக்கிறது, அதற்குச் சார்ஜ் எங்கிருந்து ஏறுகிறது, ஏறுவது நின்றுபோனால் பறப்பவனுக்கு எப்படித் தெரியவரும் என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

அண்மையில் கண்டிக்கு அப்பால், ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் நின்றபோதுதான் அந்தக் குற்றத்தின் கனம் புரிந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. கராஜில் வேலை கற்றவன். அலுமினியக் குழாய்களால் சட்டம், துணி போர்த்த இறக்கை, பழைய மோட்டார் சைக்கிளின் இயந்திரம். இன்னும் பறக்கவில்லை. ஒட்டுவேலையின் நேர்த்தியைப் பார்த்து வியந்தேன். பிறகு பற்றரியைப் பற்றிக் கேட்டேன். “பற்றரிதானே சேர், சைக்கிளில் ஓடினது. இதிலயும் ஓடும்தானே” என்றான்.

ஓடும். எவ்வளவு நேரம் என்பதே கேள்வி.

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்தபோது, இயந்திரத்தைக் கிளப்ப உதவிய உலர்மின்கலப் பெட்டியைத் தரையிலேயே விட்டுச் சென்றார்கள். மேலே தீப்பொறி தந்தது மக்னீற்றோ. இயந்திரம் சுழலும்வரை தானே மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் அந்தக் கருவி, இன்றும் மரபான சிறுவிமான இயந்திரங்களில் உண்டு. அவற்றில் பற்றரி செத்தால் வானொலி போகும், விளக்கு போகும்; இயந்திரம் ஓடும். எரிபொருளை மின்பம்பினால் பீய்ச்சும் நவீன மோட்டார் சைக்கிள் இயந்திரம் அப்படியன்று. அதற்கு மின்சாரமே மூச்சு.

நம் இளைஞனின் பற்றரி 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி. எரிபொருள் பம்ப், தீப்பொறிச் சுற்று, கட்டுப்பாட்டுப் பெட்டி, வானொலி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கின்றன என்று அவனே அளந்து வைத்திருந்தான். சார்ஜ் நின்றால், காகிதக் கணக்கின்படி 54 நிமிடம் மிஞ்சும். ஆனால் பற்றரியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர்-மணி, மெதுவாகப் பல மணி நேரம் வடித்து அளந்தது. வேகமாக இழுத்தால் அவ்வளவு கிடைக்காது. பற்றரியும் பழையது. இருபது நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சார்ஜ் ஏன் நிற்க வேண்டும்? இத்தகைய மோட்டார் சைக்கிள்களின் ரெகுலேற்றர் பெரும்பாலும் மிகுதி மின்சாரத்தை வெப்பமாக்கிக் கழிக்கும் வகை. வீதியில் காற்று பட்டுக் குளிரும். விமானத்தின் மூடிய இயந்திர அறைக்குள் அது வெந்து போகும். அதிர்வில் பற்றரி முனைகள் தளரும். மலைநாட்டு ஈரத்தில் பூமிக் கம்பியின் இணைப்பில் பச்சை படரும். இவை எவையும் சத்தம் போட்டு நிகழ்வதில்லை. ரெகுலேற்றர் மறுபக்கம் பழுதானால் வோல்ட் 15ஐயும் தாண்டி ஏறும். பற்றரி கொதிக்கும், கருவிகள் கருகும். எடை குறையட்டும் என்று லித்தியம் பற்றரிக்கு மாறினால் கண்காணிப்பு இரட்டிப்பாக வேண்டும். 2013 ஜனவரியில் லித்தியம் பற்றரிகள் எரிந்து புகைந்ததால், போயிங் 787 விமானங்கள் ஐம்பதும் உலகெங்கும் தரையிறக்கப்பட்டன. போயிங்குக்கே வந்த வினை, கொட்டகைக்கு வராதா?

கண்டி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ்ந்த ஊர். ஒருபுறம் ஹந்தானை, மறுபுறம் நக்கிள்ஸ். இடையில் தேயிலைச் சரிவு, படிவயல், வீடுகள், வளைந்தோடும் மகாவலி. இயந்திரம் நின்றால் இறங்குவதற்குச் சமதரை எங்கே?

இப்படி எழுதினால் இரண்டு தரப்பிலிருந்தும் கல் விழும் என்பதை அறிவேன். ‘ஏழைப் பிள்ளையின் திறமையை ஏன் மட்டந்தட்டுகிறாய்?’ என்பது ஒன்று. நான் தட்டவில்லை. அவனைச் சமமான பொறியியலாளனாக மதிப்பவனே அவனிடம் கடினமான கேள்வியைக் கேட்பான். கேள்வி கேட்காமல் கைதட்டிவிட்டுப் போவது இரக்கமன்று, அலட்சியம். விழுந்தால் அடுத்த நாள் அதே பத்தியில் இரங்கல் எழுதப் போவதும் நாம்தானே?

‘தடை செய்துவிட்டால் போகிறது’ என்பது மற்றையது. இதுவே அதிக ஆபத்தானது. 2007இல் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்காவில் குண்டு வீசிய பின், சிறு விமானம் என்றாலே சந்தேகக் கண்தான். தமிழ் இளைஞன் ஒருவன் தன் கொட்டகையில் நடப்பதை வெளியே சொல்ல ஏன் அஞ்சுகிறான் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அஞ்சி ஒளிப்பவனின் இணைப்புகளை எந்த நிபுணர் வந்து சோதிப்பார்?

இந்த மண்ணுக்கு இது புதிதுமன்று. 2010இல் மறைந்த ரே விஜேவர்தன தம் கையாலேயே சிறு விமானங்களைக் கட்டிப் பறந்தவர். அவர் கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர். தாம் வடிவமைத்த இருசக்கர உழவு இயந்திரமே நம் மண்ணுக்குப் பொருந்துமா என்று பிற்காலத்தில் துணிந்து கேள்வி எழுப்பியவர். நாம் அவரிடம் கற்க வேண்டியது பறப்பதை மட்டுமன்று, தன் படைப்பையே சந்தேகிப்பதையும்தான்.

வெளியுலகைப் பாருங்கள். கேரளத்தவரான அசோக் தாமராக்ஷன், தென்னாபிரிக்காவிலிருந்து உதிரிகளாக வந்த விமானத்தை இங்கிலாந்தில் தம் வீட்டில் பூட்டி, 2022இல் குடும்பத்துடன் ஐரோப்பாவில் பறந்தார். அந்த வேலையை அந்நாட்டு அதிகாரிகள் கண்காணித்து வந்தார்கள். அமெரிக்காவில் சொந்தக் கட்டுமான விமானம், வழமையாக 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பை முடித்த பிறகே பயணிகளை ஏற்றலாம். அங்கே தடையுமில்லை, வெறும் கைதட்டலுமில்லை, சோதனை இருக்கிறது.

இங்கே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் பேராதனைப் பொறியியல் பீடம் இருக்கிறது. ஒரு பற்றரியை வடித்து அளப்பதற்கும், ஒரு ரெகுலேற்றரைச் சூடாக்கிப் பார்ப்பதற்கும் அங்குள்ள ஆய்வுகூடத்தின் ஒரு மேசை போதும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த மேசையைக் கொட்டகைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? அச்சமின்றி வந்து பதியவும், படிப்படியாகச் சோதிக்கப்படவும் அதிகாரசபை ஓர் எளிய வழியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தால் எந்த வானம் இடிந்து விழும்?

என் தொழில் தோழர்களுக்கும் ஒன்று. அடுத்த விமானப் படத்தை அச்சிடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வோல்ட்மானி இருக்கிறதா? பறக்கும்போது வோல்ட் 13க்குக் கீழே இறங்கினால் எரியும் சிவப்பு விளக்கு இருக்கிறதா? சார்ஜ் நின்றபின் இயந்திரம் எத்தனை நிமிடம் ஓடும் என்பதைத் தரையில் ஓடவிட்டு அளந்தாயா?

அந்த இளைஞனிடம் இவற்றைக் கேட்டுவிட்டு, இப்போதைக்கு உன்னைப் பற்றிச் செய்தி எழுதமாட்டேன் என்றேன். முகம் வாடிவிட்டது. இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். ஒரு சோற்றுப் பார்சலின் விலையில் வோல்ட்மானி வாங்கிப் பூட்டிவிட்டானாம். சார்ஜ் கம்பியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைத் தரையில் ஓடவிட்டானாம்.

“பதினாலு நிமிசம் சேர்” என்றான். அதன்பின் இருவரும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.