சூத்திரம் மட்டும் போதுமா?

மும்பையில் தாராவி, செம்பூர், மாட்டுங்கா எங்கும் மாலையானால் டியூஷன் வகுப்புகள்தான். தொழிலாளியும் குமாஸ்தாவும் மற்றச் செலவைக் குறைத்துப் பிள்ளைக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆசை நியாயமானதே. ஆனால் அந்தப் பணத்துக்குப் பல இடங்களில் கிடைப்பது சூத்திரங்களின் பட்டியல் மட்டுமே.

பன்னிரண்டாம் வகுப்பு பௌதிகத்தில் ஒளிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிளவுகளின் வழியே வரும் ஒளிக்குப் பாதை வித்தியாசம் ஓர் அலைநீளமானால், திரையில் அந்த இடத்தில் வெளிச்சம். ஒற்றைப் பிளவில் இரு ஓரங்களுக்கும் இடையே அதே வித்தியாசம் இருந்தால், அங்கே இருட்டு. சூத்திரம் பார்வைக்கு ஒன்றேதான். மனப்பாடம் செய்த மாணவன் பரீட்சையில் ஒன்றை மற்றொன்றாக எழுதி மார்க்கை இழக்கிறான்.

காரணம் கடினமானதல்ல. இரு பிளவுகளில் ஓர் அலை முழுதாகப் பின்தங்கினால் முகடும் முகடும் சேர்ந்து ஒளி கூடுகிறது. ஒற்றைப் பிளவையோ மனத்தில் இரு பாதியாகப் பிரிக்க வேண்டும். மேல்பாதியின் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ்பாதியில் அரை அலைநீளம் பின்தங்கிய ஜோடி ஒன்று உண்டு. முகடும் பள்ளமும் ஒன்றையொன்று அழிக்கின்றன. வரவும் செலவும் சரியானால் கையிருப்பு பூஜ்யம். கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கு இது தெரியாததா?

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். இரு விரல்களை மயிரிழை இடைவெளி விட்டுக் கண்ணருகே பிடித்து, டியூப் லைட்டைப் பார்த்தால் மெல்லிய கருங்கோடுகள் தெரியும். காலணாச் செலவில்லை.

1888-ல் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், சென்னை பிரஸிடென்ஸி கல்லூரி மாணவராக இருந்தபோது 1906-ல் வெளியிட்ட முதல் ஆராய்ச்சிக் கட்டுரை, செவ்வகத் துவாரத்தில் ஒளி வளைவதைப் பற்றியதே. 1907-ல் கல்கத்தாவில் நிதி இலாகா உத்தியோகத்தில் சேர்ந்தார். ஆபீஸ் நேரம் போக மிஞ்சிய வேளையில் பரிசோதனை செய்தார். 1930-ல் நோபல் பரிசு வந்தது. உத்தியோகத்துக்காக ஊர் விட்டுப் போன தமிழர்தான் அவரும்.

எல்லாரும் ராமன் ஆக முடியாது. ஆனால் "ஏன்?" என்று கேட்க எல்லாப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு நேரமில்லை என்று சொல்லும் டியூஷனுக்குப் பணம் கட்டுவதா என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும். மார்க் எவ்வளவு என்று கேட்கும் தகப்பனார், "அங்கே ஏன் இருட்டு?" என்றும் ஒரு தடவை கேட்கட்டும். பிள்ளை விளக்கிச் சொன்னால், கட்டிய பணம் வீண்போகவில்லை என்று அறியலாம்.