பாட்டி எட்டு மணிக்கே படுத்துவிடுவார்

தூக்கத்தைக் குறைத்தால்தான் நம் சமுதாயம் தலைநிமிரும் என்று மலாக்காவின் செங்கில் நடந்த ஒரு தன்முனைப்புக் கூட்டத்தில் பேச்சாளர் முழங்கினார். நாலு மணி நேரத் தூக்கம் போதுமாம். சாட்சிக்கு ரப்பர் தோட்டத்துப் பாட்டன் பாட்டிகளை அழைத்தார்: அவர்கள் விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து பால் வெட்டினார்கள், நீங்களோ படுக்கையை விட்டு எழ மறுக்கிறீர்கள் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் இரவு வேலை முடிந்து நேராக வந்தவர்கள். அவர்களும் கைதட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறெரிந்தது.

என் பாட்டி பால் வெட்டியவர். நாலு மணிக்கு எழுந்தது உண்மை. ஆனால் எழுப்பியது மரம். இரவில் ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை விடத் தொடங்கியதும் அது தளர்ந்து பால் வரத்து குறையும். அதனால்தான் இருட்டில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அதனால்தான் நெற்றியில் விளக்கு. மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு மணிவாக்கில் லயத்துக்கு வருவார். குளித்துச் சாப்பிட்டு, அஞ்சடியில் பாயைப் போட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துவிடுவார். எட்டிலிருந்து நாலு வரை எத்தனை மணி நேரம் என்று விரல் மடக்கி எண்ணிப் பாருங்கள் ஐயா. நீங்கள் மேடையேற்றிய சாட்சி உங்களுக்கு எதிராகத்தான் பேசுகிறார்.

தோட்ட வாழ்க்கை சுகமானது என்று நான் சொல்ல வரவில்லை. கூலி அரை வயிற்றுக்குத்தான் வந்தது. அந்தக் கஷ்டமும் பறிக்காமல் விட்ட ஒன்று தூக்கம். அதைத்தான் இப்போது நீங்கள் விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பாட்டியின் நாலு மணி இன்றைய நாலு மணி அல்ல. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அன்றைய நாலு இன்று நாலரை. காலை 7 மணி ஷிப்டுக்கு ஃபாக்டரி பஸ் பிடிக்கும் எங்கள் தாமான் பெண்கள் எழுவதும் அதே நாலரைக்குத்தான். எழும் நேரத்தில் பாட்டிக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் படுக்கும் நேரத்தில். ஓவர்டைம் முடிந்து வந்து, சமைத்து, பிள்ளையின் பள்ளிச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டுத் தலை சாய்க்கும்போது மணி பன்னிரண்டு. இவர்களையா சோம்பேறி என்கிறீர்கள்?

பிள்ளைகளையும் பேச்சாளர் விடவில்லை, இன்னும் முன்னதாக எழுப்பச் சொன்னார். பிப்ரவரியில் மலாக்காவில் சூரியன் உதிக்கவே 7.20 ஆகிவிடும். பள்ளி வேன் எங்கள் தெருவுக்கு ஆறேகாலுக்கு வருகிறது, கும்மிருட்டில். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை அழுத்தித் தூங்கிக்கொண்டு போவாள். வேகத்தடையில் வேன் ஏறி இறங்கும்போது தலை இடிக்கும், ஆனாலும் விழிக்க மாட்டாள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது தூக்கத்தில். அந்தக் குழந்தையை இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுப்பிப் படிக்க வையுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வது, படித்ததை அழிக்கச் சொல்வது.

நாலு மணி நேரம் தூங்கு என்றால் இருபது மணி நேரம் விழித்திரு என்று பொருள். டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவரைப் போலத் தடுமாறின. 2020-இல் திருத்தப்பட்ட நம் சாலைச் சட்டம் வண்டியோட்டிக்கு வைத்திருக்கும் வரம்பும் அதேதான், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். குடித்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஒருவரை மேடையில் ஏற்றுவோமா? இந்நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். என் அக்கா மகன் இரவு ஷிப்டு முடிந்து ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் வரும்போது, சமிக்ஞை விளக்கில் நின்றபடியே தூங்கி மோட்டாரோடு சாய்ந்தான். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்ததால் இன்று அவன் இருக்கிறான்.

வேலைச் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் மாதம் 104 மணி நேரம் வரை ஓவர்டைம் செய்யலாம். அடிப்படைச் சம்பளத்தில் வீட்டுக் கடனும் வேன் காசும் கட்ட முடியாதவர் அதைத் தேடித்தான் போவார். நம் ஆட்களின் தூக்கம் போகும் இடம் அது. சம்பளத்தைப் பற்றி முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தொழிலாளியின் பாயில் கொண்டுவந்து போடுகிறார் பேச்சாளர். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதை எழுதும்போது மணி பகல் பன்னிரண்டு. ஜன்னலில் கம்பளியை ஆணியடித்து இருட்டாக்கிய அறையில் அக்கா மகன் ஒன்பதரைக்குத்தான் படுத்தான், ஆறு மணிக்குத் திரும்ப பஸ். பக்கத்து வீட்டில் சுவரில் துளை போட ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வருகிறேன்.