வளைவுக்கு முன்னால் பயப்படுங்கள்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். சென்னையில் அதை ஓட்ட இடமே கிடையாது. அண்ணா சாலையில் மாநகரப் பேருந்தும் போர்ஷேவும் ஒரே வேகத்தில்தான் ஊர்கின்றன. பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால் காற்றாவது வரும்.

என் மச்சானுக்கு இந்த ஞானம் காரை வாங்கிய பிறகுதான் வந்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே கேமன். இரண்டே சீட், இன்ஜின் நம் முதுகுக்குப் பின்னால். டிராக் டே ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு, கடைசி நேரத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

"நீ போய் ஓட்டிட்டு வா மாப்ளே. கார் போன ஷேப்லயே திரும்பி வரணும், அவ்ளோதான்."

என் மனைவி இன்னும் தெளிவாகச் சொன்னாள். "உங்களுக்கு அடிபட்டா ஆஸ்பத்திரி இருக்கு. காருக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கண்ணன் முகத்துல எப்படி முழிக்கறது?" (உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனைக்கெல்லாம் பைசா பெயராது.)

டிராக் டே என்பது பந்தயம் இல்லை. கோப்பை கிடையாது, ஷாம்பெயின் கிடையாது. காசு கட்டி, சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள். இடம், பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வரும் இருங்காட்டுக்கோட்டை. பெரிசுகள் சோழவரம் பந்தயங்களைப் பற்றிக் கண் பனிக்கப் பேசுவார்கள். அது இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம். 1990ல்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான டிராக் வந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். 2005ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆரம்ப காலத்தில் சுற்றிய இடம்.

காலையில் வகுப்பு எடுத்தார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, யாரும் யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் எல்லோரும் மெதுவாகத் திரும்ப வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறான், வழிவிடு. நேர்ப்பாதையில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கையை நீட்டி 'இந்தப் பக்கம் போ' என்று காட்டினால்தான்.

என் பக்கத்து சீட்டில் சொல்லிக்கொடுக்க ஒருத்தர் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். முப்பது வருஷமாகப் பந்தயம் ஓட்டுகிறாராம். உடம்பில் எல்லா பாகங்களும் இருந்தது நம்பிக்கை கொடுத்தது.

"சார், நாலு டயரும் ரோட்டைத் தொடறது ஆளுக்கு ஒரு உள்ளங்கை அளவு. உங்க உயிர், உங்க மச்சான் கார் எல்லாம் அதுலதான் நிக்குது. அந்த நாலு உள்ளங்கையும் பிரேக்கும் பிடிக்கணும், திரும்பவும் செய்யணும். ரெண்டையும் ஒரே நேரத்துல முழுசா கேட்டீங்கன்னா கைவிட்டுடும்."

பிறகு கணக்கு சொன்னார். நல்ல பிரேக், காய்ந்த ரோடு. 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் சுமார் 10 மீட்டரில் நிற்கும் கார், 100ல் 40 மீட்டர் ஓடித்தான் நிற்கும். 200ல் 160 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்கு. பத்தாம் வகுப்புப் பௌதிகம்தான். ஆனால் பத்தாம் வகுப்பில் எதிரே சுவர் வரவில்லை.

"வளைவு நடுவுல பயந்துட்டு ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து சட்டுனு காலை எடுக்காதீங்க. வெயிட் மொத்தமும் முன்னாடி சாயும், பின்னாடி டயர் லேசாயிடும், பம்பரமா சுத்திடும். பயப்படறதை நேர் ரோட்லயே முடிச்சிக்கங்க சார்."

முதல் செஷனில் பத்து வயசான ஸ்விஃப்ட் ஒன்று என் பின்னால் வந்து நின்றது. நீலக்கொடி. கையை நீட்டி வழிவிட்டேன். ஆபீசில் பதினெட்டு வருஷமாகச் செய்கிற வேலைதானே.

இரண்டாவது செஷனில் எனக்கு முன்னால் ஒரு பையன், இருபத்துநாலு வயசு இருக்கும். வளைவுக்குள் வேகமாக நுழைந்தவன் பாதியில் பயந்துவிட்டான் போல. கார் அப்படியே இரண்டு முறை சுற்றி, ஓரத்து மண்ணில் புழுதி கிளப்பி நின்றது. மஞ்சள் கொடி ஆடியது. பையன் இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அந்த மண் ஓரம், அந்தக் கொடி, வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ், இதற்குத்தான் காசு. இதே சுற்றல் சனிக்கிழமை ராத்திரி ஈ.சி.ஆரில் நடந்திருந்தால் மண் இருந்திருக்காது. புளியமரம் இருந்திருக்கும், அல்லது டீ குடித்துவிட்டு ரோட்டைக் கடக்கும் யாராவது. யாரும் சட்டையைத் தட்டிக்கொண்டு சிரித்திருக்க முடியாது.

மூன்றாவது செஷனில் அவர் சொன்னபடி செய்தேன். நேர்ப்பாதையிலேயே பிரேக்கை அழுத்தி, வேகத்தைக் குறைத்து, கண்ணை வளைவின் மறுமுனைக்கு அனுப்பிவிட்டு, ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினேன். கார் ரயில் மாதிரி போயிற்று. மெதுவாக ஓட்டினோம் என்றுதான் நினைத்தேன். கடிகாரம் பார்த்தவர் 11 விநாடி குறைந்திருப்பதாகச் சொன்னார்.

கடைசிச் சுற்றைப் பிரேக்கே போடாமல் ஆற்றி ஆற்றி ஓட்டச் சொன்னார். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கைத் தொடாதே, கியரில் விட்டுவை என்றார். கொதிக்கிற பிரேக்கை இறுக்கிப் பிடித்து வைத்தால் டிஸ்க் கோணிக்கொள்ளுமாம்.

மாலை நெடுஞ்சாலையில் 60ல் வந்துகொண்டிருந்தேன். பூந்தமல்லி தாண்டியதும் ஒரு ஷேர் ஆட்டோ, பதினோரு பேருடன், ஆரன் அடித்துக்கொண்டே பின்னால் ஒட்டியது. ஜன்னல் வழியே கையை நீட்டி, இந்தப் பக்கம் போ என்று காட்டினேன். கடந்து போகும்போது டிரைவர் போர்ஷேவையும் என்னையும் ஒருமுறை பார்த்தார்.

"என்னா சார், வண்டி ரிப்பேரா?"