பட்டியலின் கடைசிப் பெயர்
கால்பந்து ஆட்டக்காரர் கெவின் டி புருய்னே 2021-இல் மான்செஸ்டர் சிட்டியுடன் புது ஒப்பந்தம் பேசியபோது ஏஜென்ட் வைத்துக்கொள்ளவில்லை. தன் ஆட்டத்தின் மதிப்பைத் தரவு நிபுணர்களிடம் அலசச் சொல்லி வாங்கிக்கொண்டு பேரத்துக்கு உட்கார்ந்தார். ரசிக்கத்தக்க கதைதான், ஆனால் நட்சத்திரங்களுக்கே கட்டுப்படியாகும் சொகுசு அது. அகாடமி மைதானத்தின் ஓரத்தில் ஏஜென்ட்கள் விசிட்டிங் கார்டு நீட்டும் பையனுக்கு அந்த வசதி ஏது? அவன் வீட்டார் முதலில் கேட்பது, "உங்களிடம் பெரிய ஆட்டக்காரர்கள் யார் யார்?" என்பதைத்தான். எனக்கென்னவோ அது தப்பான கேள்வியாகப் படுகிறது. பெரிய பெயர்கள் நிறைந்த பட்டியலில் கடைசிப் பெயருக்காக, அதுவும் முழங்கால் அடிபட்டு மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருக்கும்போது, யார் போனை எடுப்பார்கள்? ஏஜென்ட்களுக்கு 2015-இல் கைவிட்ட உரிம முறையை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2023-இல் தேர்வோடு மீட்டது. ஆட்டக்காரரோடு ஏஜென்ட் போடும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, சிறுவர் என்றால் பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. நல்லதே. விதி தெரிந்தவர் யார் என்று தேர்வு சொல்லிவிடும். "சம்பளம் குறைவுதான், ஆனால் அந்தச் சின்ன அணியில் வாராவாரம் ஆடுவாய், அங்கே போ" என்று சொல்ல யாருக்கு மனசு வரும் என்பதைச் சொல்லாது. கமிஷன் சம்பளத்தின் சதவீதமாக இருக்கும்வரை, அந்த அறிவுரை சொல்பவரின் பையில்தான் கை வைக்கும். தெரிந்தும் அதைச் சொல்பவரிடம் கையெழுத்துப் போடலாம்.