தேதியில் கமா எதற்கு?

கமாவுக்குப் போய் ஒரு கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். ஆங்கிலத்தில் ஒரு லீவ் லெட்டர் எழுதச் சொன்னால், நம்மில் பாதிப் பேர் தேதியிலேயே சறுக்கி விடுகிறோம். ஒருவர் "ஆகஸ்ட் 15 1947" என்று கமாவே இல்லாமல் எழுதுகிறார். இன்னொருவர் "15, ஆகஸ்ட், 1947" என்று கண்ட இடத்தில் கமாவைத் தூவுகிறார். ஆசிரியர்கள் சிவப்பு மையில் சுழிப்பார்கள், அரை மார்க் போகும். ஆனால் ஏன் தப்பு என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

என் கருத்து இதுதான். தேதியில் வரும் கமா அழகுக்காக வைத்தது இல்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அது என்ன வேலை என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

அமெரிக்கர்கள் மாதம், நாள், வருடம் என்ற வரிசையில் எழுதுவார்கள். அப்போது 15-ம் 1947-ம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இரண்டு எண்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு கமா: "ஆகஸ்ட் 15, 1947". பிரிட்டிஷ் முறையில் நாள் முதலில் வரும்: "15 ஆகஸ்ட் 1947". இரண்டு எண்களுக்கும் நடுவில் மாதமே சுவர் மாதிரி நிற்கிறது. அப்புறம் கமா எதற்கு? அதே காரணத்தால்தான் "ஆகஸ்ட் 1947" என்று மாதமும் வருடமும் மட்டும் வந்தால் கமா தேவையில்லை. கிழமையைச் சேர்த்தால் கிழமைக்குப் பின் ஒரு கமா போடுங்கள்: "ஃப்ரைடே, ஆகஸ்ட் 15, 1947".

சரி, வாக்கியத்தின் நடுவில் தேதி வந்தால்? இங்கேதான் அமெரிக்கர்களே கோட்டை விடுகிறார்கள். அவர்கள் முறைப்படி வருடத்துக்குப் பின்னாலும் ஒரு கமா வேண்டும். சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல் போன்ற கையேடுகள் இதை வலியுறுத்துகின்றன. வெட்டிப் பிடிவாதம் என்று தோன்றுகிறதா? இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"ஆன் மார்ச் 5, 2000 ஸ்டூடண்ட்ஸ் ப்ரொட்டெஸ்டட்."

மார்ச் 5 அன்று இரண்டாயிரம் மாணவர்கள் போராடினார்களா? இல்லை, 2000-ஆம் ஆண்டில் சில மாணவர்கள் போராடினார்களா? 2000-க்குப் பின் ஒரு கமா போட்டால் அது வருடம். போடாவிட்டால் அது கூட்டத்தின் கணக்கு! ஒரு புள்ளிக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும் இந்தச் சின்னக் குறி, செய்தியையே மாற்றிவிடுகிறது பாருங்கள்.

அதற்காக "15 ஆகஸ்ட், 1947" என்று எழுதுபவரைப் படிக்காதவர் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டிஷ் வரிசையிலேயே மாதத்துக்குப் பின் கமா போடுவது பழைய வழக்கம். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில முகவுரையிலேயே 1949-க்கு முன்னால் ஒரு கமா, பின்னால் ஒரு கமா இருக்கிறது. ஆகவே அதைத் தப்பு என்று சுழிப்பதை விட, "இப்போது பெரும்பாலும் அப்படி எழுதுவதில்லை" என்று சொல்வதுதான் நியாயம்.

நம் பிரச்சினை வேறு. பள்ளியில் கற்றது பிரிட்டிஷ் ஆங்கிலம். கம்ப்யூட்டரில் பல நேரம் இருப்பதோ அமெரிக்க ஆங்கிலம். இரண்டையும் கலந்து ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதுகிறோம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே நிற்பதுதான் முக்கியம். என்னைக் கேட்டால் நமக்கு "15 ஆகஸ்ட் 1947" போதும். நாம் எண்ணில் எழுதும்போதும் நாளைத்தானே முதலில் போடுகிறோம்? கமாவுக்கும் வேலை மிச்சம்.

இன்னொன்று. மாதத்தை எழுத்திலேயே எழுதுங்கள். 03/04/2008 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. இந்தக் குழப்பத்தை எந்தக் கமாவாலும் தீர்க்க முடியாது!

படிக்கிறவர் இரண்டாம் முறை படிக்காமல் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அரை மார்க்குக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது கமாவைக் கொஞ்சம் கவனிப்போமே.