இலையிலிருந்து நெல்: சாவி யார் கையில்?

'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று ஒரு செடி உண்டு. ரணகள்ளிதான்! இலையைக் கிள்ளிச் சும்மா போட்டு வைத்தாலே ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைக்கும். நெல் இலையைக் கிள்ளிப் போட்டால்? காய்ந்து சருகாகும், அவ்வளவுதான்.

தனியாகப் பிரித்த இலைச் செல்லை வளர்க்க 1902-லேயே முயன்றவர் ஆஸ்திரியாவின் ஹேபர்லாண்ட். செல்கள் உயிரோடு இருந்தன, ஒன்றுகூடப் பிளவுபடவில்லை. 1971-ல் ஜெர்மனியில், நொதி ஊற்றிச் சுவரைக் கரைத்த புகையிலை இலைச் செல்கள் முழுச் செடிகளாயின. தானியங்கள் மட்டும் பிடிவாதம் பிடித்தன. 1980-களின் நடுவில் நெல் இறங்கி வந்தது. ஆனால் அவை இலைச் செல்கள் அல்ல. ஏற்கெனவே ஆய்வகத்தில் பெருகிக்கொண்டிருந்த வளர்ப்புச் செல்கள். இலைச் செல்லிலிருந்தே நெற்செடி எடுத்ததை 1993-ல் இந்திய ஆய்வாளர்கள் குப்தாவும் பட்டநாயக்கும் வெளியிட்டார்கள்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? ஆடு மேய்ந்த புல் மறுபடி வளர்கிறதே என்று கேட்கலாம். அது வளர்வது அடிப்பகுதியிலிருந்து. முற்றிய புல் இலையின் செல்கள் பிளவுபடுவதை நிறுத்திவிடுகின்றன.

இதில் காசு எங்கே வருகிறது? மரபணுத் திருத்தம் நடப்பது செல்லில். அந்தச் செல் செடியாக வளராவிட்டால் திருத்தியும் பயனில்லை. எல்லா ரகமும் வளர்வதில்லை. ஜப்பானிகா நெல் ஓரளவு ஒத்துழைக்கும், இந்தியாவில் அதிகம் விளையும் இண்டிகா முரண்டு பிடிக்கும். செல்களைத் தட்டி எழுப்பும் இரண்டு மரபணுக்களை வைத்து மக்காச்சோளத்தில் இந்தத் தடையைத் தாண்டிக் காட்டியது டூபாண்ட் பயனியர் நிறுவனம் (2016). 2023-ல் இளம் இலைத் துண்டிலிருந்தே மக்காச்சோளமும் சோளமும் வந்துவிட்டன. இந்த வழிமுறைக்குக் காப்புரிமைகளும் உண்டு!

2025 மே மாதம் இந்தியா இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தது. உடனே எழுந்த கேள்வி, திருத்தும் கருவியின் காப்புரிமை யாருடையது என்பது. செடியாக வளர்க்கும் வித்தையைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. பூட்டைப் பற்றிப் பேசிவிட்டுச் சாவியை மறந்த கதை இது.

பாரம்பரிய ரகங்களுக்கு ஆய்வகமே வேண்டாம், வயலே போதும் என்பவர்கள் உண்டு. வேண்டுமா வேண்டாமா என்பதை விவசாயி முடிவு செய்யட்டும். ஆனால் வேண்டும் என்று அவர் சொல்லும் நாளில் வழி இருக்க வேண்டாமா? லாபம் தராத ரகத்துக்கு எந்த நிறுவனமும் பத்து வருடம் செலவழிக்காது. கணக்குப் பார்த்தால் அது நியாயம்தான். அதனால்தான் இந்த வேலை அரசுப் பணத்தில், வேளாண் பல்கலைக்கழகங்களில் நடக்க வேண்டும். சாவி பொதுவில் இருந்தால்தான் விதையும் பொதுவில் இருக்கும்.