தலையை எண்ணி வாத்தியார் போடும் கணக்கு

 பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். "டீச்சர் திட்ட ஆரம்பிச்சுட்டாங்க" என்று நினைத்தாலும் பரவாயில்லை, திட்டு உங்களுக்கு இல்லை.

ஜூன் பிறந்ததிலிருந்து எனக்கு வருகிற போனில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "டீச்சர், பாப்பாவ ஒண்ணாவது சேத்தோணும். வீட்டுக்குக் கிட்ட இருக்கற ஸ்கூல்ல போடறதா, மெயின் ரோட்டு ஸ்கூல்ல போடறதா?" இரண்டுமே அரசுப் பணத்தில் நடக்கிற தொடக்கப் பள்ளிகள். ஒரே புத்தகம், ஒரே சீருடை, ஒரே சத்துணவு. அப்புறம் ஏன் இந்தக் கேள்வி? கேட்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. இரண்டும் ஒன்றில்லை என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஏன் ஒன்றில்லை என்பதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. அதுவும் இப்போதே எழுத வேண்டும், இன்னும் சில நாளில் ஆகஸ்ட் 1 வந்துவிடும்.

உங்களுக்கெல்லாம் ஆகஸ்ட் 15 தெரியும், மிட்டாய் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு ஆகஸ்ட் 1 தான் வயிற்றைக் கலக்கும் நாள். அன்றைக்குப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று நிர்ணயம் செய்வார்கள். கணக்கு 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளை வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 121 முதல் 200 வரை 5 பேர். 150-ஐத் தாண்டினால் தனியாக ஒரு தலைமை ஆசிரியர்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான், முப்பது பிள்ளைக்கு ஒருவர். ஆனால் தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளை இருந்தாலும் வகுப்பு ஐந்து, 200 பிள்ளை இருந்தாலும் வகுப்பு ஐந்து. ஒன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் நான்கு நான்கு பாடம். மூன்று, நான்கு, ஐந்துக்கு ஐந்தைந்து. நாலும் நாலும் எட்டு, மூவைந்து பதினைந்து, ஆக 23 பாடம். 55 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இந்த 23 பாடத்தையும் இரண்டே பேர் நடத்த வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் தலைமை ஆசிரியர். வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்றுவது, சத்துணவுக் கணக்கு, சீருடைக் கணக்கு, பாங்கிக்குப் போவது, கூட்டத்துக்குப் போவது எல்லாம் அவர் தலையில். மற்றவருக்குப் பயிற்சி வகுப்பு வந்துவிட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். இத்தோடு 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவும் வந்தது. சின்னப் பள்ளியில் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் தனித்தனி ஆசிரியரா கொடுத்தார்கள்? ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் நான்கு பிள்ளைக்குத் தமிழிலும் மூன்று பிள்ளைக்கு இங்கிலீஷிலும் அதே அம்மாதான் கணக்குச் சொல்லித் தர வேண்டும்.

மெயின் ரோட்டுப் பள்ளியில் 160 பிள்ளை. ஐந்து ஆசிரியர், மேலே ஒரு தலைமை ஆசிரியர். வகுப்புக்கு ஒரு டீச்சர். ஒருவர் லீவு போட்டாலும் தலைமை ஆசிரியர் போய் நிற்பார். படிப்பு நடக்கிறது, பிள்ளை சேர்கிறது. சின்னப் பள்ளியில் என்ன ஆகும்? பெற்றோர் இரண்டு தடவை எட்டிப் பார்க்கிறார்கள், இரண்டு தடவையும் டீச்சர் இல்லாத வகுப்பு. மூன்றாவது தடவை டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். 63 பிள்ளை 58 ஆகிறது. அடுத்த ஆகஸ்ட் 1-இல் மூன்றாவது ஆசிரியர் "உபரி". பணி நிரவலில் அவர் போய்விடுவார், ஒருவேளை அதே மெயின் ரோட்டுப் பள்ளிக்கே. பிள்ளை குறைந்ததால் ஆசிரியரை எடுத்தோம் என்பார்கள் மேலே இருப்பவர்கள். ஆசிரியரை எடுத்ததால்தான் பிள்ளை குறைந்தது என்பார்கள் ஊர்க்காரர்கள். நான் ஊர்க்காரர்கள் பக்கம்.

இதில் இன்னொரு கூத்து மாற்றுப் பணி. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நாங்கள் இரண்டே பேர். பேர் சொல்ல வேண்டாம், பழைய கதை. ஒரு வருடம் ஜூலையில் என்னோடு இருந்த டீச்சரை இன்னொரு பெரிய பள்ளிக்கு "தற்காலிகமாக" அனுப்பினார்கள். அந்தத் தற்காலிகம் அடுத்த ஏப்ரல் வரை நீண்டது. ஐந்து வகுப்பையும் ஒரே ஹாலில் வைத்துக்கொண்டு தனியாக ஒரு கல்வியாண்டு ஓட்டினேன். அந்த வருடம் மூன்றாவது படித்தவர்களில் இரண்டு மூன்று பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். உங்களுக்கு அந்த வருடம் வகுத்தல் முழுசாகச் சொல்லித் தர எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஐந்தாவதில்தான் பிடித்தோம். சட்டத்தின் 25-ஆவது பிரிவைப் பின்னால் படித்தபோது வயிறு எரிந்தது. ஆசிரியர் மாணவர் விகிதத்தைக் காப்பாற்றுவதற்காகவே, ஒரு பள்ளியில் நியமிக்கப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை செய்ய வைக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர், தேர்தல், இவை மட்டும்தான் விலக்கு. சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் "மாற்றுப் பணி ஆணை" என்ற காகிதம் இன்னும் சர்வசாதாரணமாகக் கைக்குக் கை போகிறது.

நம்ம ஊருக்கு மட்டுமே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், நீலிக்கோணாம்பாளையம் பக்கமெல்லாம் மில்லுகள் மூடிய பிறகும் பவுண்டரியும் லேத் பட்டறையும் நிற்கவில்லை. அங்கே வேலைக்கு வருகிற பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது நம் அரசுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆறே மாதத்தில் "ஏனுங் டீச்சர்" என்று கேட்கும். ஆனால் அவர்கள் நம் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. தீபாவளி முடிந்து வருவார்கள், பொங்கலுக்கு அப்புறம் வருவார்கள். ஆகஸ்ட் 1-க்குப் பிறகு வந்த பிள்ளை அந்த வருடக் கணக்கில் பிள்ளையே இல்லை. தமிழ் தெரியாத எட்டு வயதுப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் தேவை. அந்த நேரத்துக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

பணம்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று வருகிறது. 30 பிள்ளை வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, அதற்கு மேல் ஆயிரம் பிள்ளை வரை 75,000. "தலைக்கு வகுத்துப் பார்த்தால் சின்னப் பள்ளிக்குத்தானே அதிகம்" என்று என் தங்கச்சி மாப்பிள்ளை வாதம் செய்தார். அவர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர், அப்படித்தான் பேசுவார். 28 பிள்ளைக்கு 10,000 என்றால் தலைக்கு 357 ரூபாய். 260 பிள்ளைக்கு 75,000 என்றால் 288. சரி. ஆனால் மாப்பிள்ளை, மோட்டார் காயில் எரிந்தால் சின்னப் பள்ளி என்று ரீவைண்டிங் கடைக்காரர் பாதி ரேட்டா வாங்குகிறார்? ஒழுகுகிற ஓட்டுக்குப் பிள்ளைக் கணக்குத் தெரியுமா? கேட், கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பள்ளிக்கு ஒன்று, தலைக்கு ஒன்று இல்லை. நன்கொடை கொடுக்கும் கம்பெனிகளும் பெரிய பள்ளியைத்தான் தேடிப் போகின்றன. பலகை மாட்டினால் நாலு பேர் பார்க்க வேண்டுமே. "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" என்று 2022 டிசம்பரில் அரசு தொடங்கியதைக் குறை சொல்லவில்லை. சந்துக்குள் இருக்கும் பள்ளியும் நம்ம ஸ்கூல்தான் என்கிறேன்.

எல்லைக் கோடும் சும்மா இருக்கவில்லை. சிங்காநல்லூர் நகராட்சி 1981-இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், சரவணம்பட்டி, காளப்பட்டி என்று இன்னும் பல ஊர்களைச் சேர்த்து 72 வார்டை 100 வார்டு ஆக்கினார்கள். ஊர் சேர்ந்தது, பள்ளி சேரவில்லை. அந்த ஊர்களின் அரசுப் பள்ளிகள் பத்து வருடத்துக்கு மேல் கல்வித் துறையிடமே இருந்தன. வீட்டு வரியோடு கல்வி வரியை மாநகராட்சி வாங்கியது. சுவர் இடிந்தால் "அது எங்கள் பள்ளி இல்லையே" என்ற பதில் வந்தது. போய்க் கேட்கக் கவுன்சிலரும் இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மாநகராட்சியில் மன்றமே கிடையாது. அந்த ஐந்தரை வருடத்தில் ஒரு பிள்ளை ஒன்றாவது சேர்ந்து ஐந்தாவதே முடித்துவிடும்.

இத்தனை வித்தியாசத்தையும் வைத்துக்கொண்டு தேர்வு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. 2025-இல் மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது பிள்ளைகளுக்கு மாநில அடைவுத் தேர்வு வைத்தார்கள். வைக்கட்டும். பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தும்போது பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு "எத்தனை ஆசிரியர்" என்றும் எழுத வேண்டாமா? ஐந்து பேர் நடத்திய பள்ளியையும் இரண்டு பேர் நடத்திய பள்ளியையும் ஒரே தராசில் வைத்துவிட்டு, பின்தங்கியவரிடம் விளக்கம் கேட்பது எந்த ஊர் நியாயம்? சமச்சீர்க் கல்வி என்று 2010-இல் புத்தகத்தைச் சமமாக்கினோம். முத்துக்குமரன் குழு புத்தகத்தை மட்டும் பேசவில்லை, ஆசிரியரையும் வசதியையும் சேர்த்துத்தான் பேசியது. புத்தகம் வந்தது, மற்றது நின்றுவிட்டது.

"அப்போ சின்னப் பள்ளியை எல்லாம் பெரிய பள்ளியோட சேர்த்துட்டாப் போச்சு" என்று சிலர் சொல்வீர்கள். திருச்சி ரோட்டைக் காலை எட்டரை மணிக்கு ஆறு வயதுப் பிள்ளை தனியாகத் தாண்டட்டும், பார்க்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்பது நம் மாநில விதி. காமராஜர் காலத்தில் குக்கிராமத்துக்கும் ஓராசிரியர் பள்ளி கொடுத்தார்கள். பள்ளியே இல்லாத ஊருக்கு ஒருவராவது போகட்டும் என்று கொடுத்தது அது. பள்ளியும் கட்டிடமும் இருக்கிற ஊரில் இருப்பவர்களையும் பிடுங்குவதற்கு அதை உதாரணமாகக் காட்டாதீர்கள். ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு பள்ளி இருந்தால் சேர்க்கலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு பள்ளியின் பணியிடமும் சேர்ந்தே வர வேண்டும்.

எங்கள் ஆட்களையும் விட மாட்டேன். கலந்தாய்வு என்றால் முதலில் நிரம்புவது பஸ் நிற்கும் இடத்துப் பள்ளிதான். உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய பள்ளி கடைசி வரைக்கும் திரையில் காலியாக மின்னிக்கொண்டே இருக்கும். சங்கங்கள் சம்பளத்துக்குப் போராடியது சரி. 2009 ஜூனுக்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அதே வேலைக்குக் குறைந்த சம்பளம் என்பது பெரிய அநியாயம், அதைத் தனியாக எழுதுகிறேன். ஆனால் இரண்டு ஆசிரியர் பள்ளிக்காக ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்ததாக என் 34 வருட சர்வீஸில் எனக்கு நினைவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளை எத்தனை இருந்தாலும் தொடக்கப் பள்ளிக்கு வகுப்புக்கு ஒருவர். உடனே முடியாது என்றால் மூன்று பேருக்குக் கீழே எந்தப் பள்ளியும் இருக்கக் கூடாது. ஆகஸ்ட் 1 கணக்கோடு ஜனவரியிலும் ஒரு தடவை எண்ணுங்கள். இரண்டு பேர் இருக்கும் பள்ளியிலிருந்து மாற்றுப் பணிக்கு ஆள் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

இதை நான் முகநூலில் எழுதினால் லைக் விழும், வேறொன்றும் நடக்காது. பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டால் அதற்குப் பதில் எழுதியாக வேண்டிய நெருக்கடி வரும். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. 2024-இல் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பட்டறை வைத்திருப்பவர்கள், வக்கீல் ஆனவர்கள், பெங்களூரில் கம்ப்யூட்டர் தட்டுபவர்கள் என்று நீங்கள் எத்தனையோ பேர் படித்த பள்ளிகள் இவை. உள்ளூரில் இருப்பவர்கள் ஜூலைக் கூட்டத்துக்கு நேரில் போங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர், போன வருடம் எத்தனை நாள் யார் மாற்றுப் பணியில் இருந்தார், ஆகஸ்டுக்கு அப்புறம் எத்தனை பிள்ளை சேர்ந்தது, இந்த நான்கையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியரிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம், பாவம், அவருக்கும் இதே வெசனம்தான். தீர்மானத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் கொடுத்து, வாங்கியதற்குச் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தீர்மானம் எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை தூங்குவேன், அந்த நேரத்தில் மட்டும் காலிங் பெல்லை அடிக்காதீர்கள்.